வாஷிங்டன் என்னும் குடிப்பெயர்

பெயர் இருவகைத்து என்பர் நம் இலக்கண நூலார். காரணம் பற்றி வழங்குவது ஒன்று. காரணம் கருதாது இட்டு வழங்குவது மற்றொன்று. பறத்தலாற் பறவை எனப்பட்டது, அது காரணப்பெயர். மரத்தை மரமென்றதற்குக் காரணம் காட்டல் அரிது; ஆதலின் அஃது இடுகுறிப்பெயர். நன்னூல் பயிலும் மாணவர் யாவரும் இப்பாகுபாட்டை நன்கறிவர். ஆயினும், ஒரு பெயரே காரணப்பெயராய்ப் பிறந்து, காலப்போக்கிற் காரணம் மறையவே இடுகுறியாய் நின்று, பல நூற்றாண்டுகள் கழிந்தபின் புதியதோர் காரணம் பெற்று மீண்டும் காரணப்பெயராய் எழுதல் கூடுமோ எனின், கூடும். ஆங்கிலேயரின் குடிப்பெயர்கள் பலவற்றுள் முதலிரண்டு நிலைகளையும் காணலாம். மூன்றாம் நிலையையும் தெளிவுறக் காட்டுவது வாஷிங்டன் என்னும் பெயர். இங்கிலாந்தின் வடபால் ஒரு சிற்றூரிற் பிறந்த இப்பெயர், கடல் கடந்து, ஒரு பெருவீரனால் உலகறியப்பட்டு, இறுதியில் அவ்வீரனோடு குருதித் தொடர்பில்லாத ஓரினத்து மக்கள் பலர்க்கு உரியதாயிற்று. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண், ஆங்கில நாட்டிற் குடிப்பெயர் தோன்றிய வகையைச் சிறிது அறிதல் வேண்டும். இன்று ஆங்கிலேயர் ஒருவர் பெயரில் இரண்டு உறுப்புக்கள் உள. முன்னது பெற்றோர் இட்ட பெயர். பின்னது தந்தை வழியாக இறங்கும் குடிப்பெயர். இவ்வழக்கம் அந்நாட்டில் தொன்றுதொட்டு வந்ததன்று. 1066-ஆம் ஆண்டில் நார்மண்டித் தலைவன் வில்லியம் இங்கிலாந்தை வென்று முடிசூடுமுன், அங்கு வாழ்ந்த மக்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயரே இருந்தது. வெற்றி பெற்றுக் குடியேறிய பிரபுக்கள் தாம் ஆண்ட நிலத்தின் பெயராலேயே தம்மை அழைத்துக்கொண்டனர். நிலம் தந்தையினின்று மகனுக்கு இறங்கிற்று. நிலத்தின் பெயரும் அதனோடு இறங்கிற்று. பிரபுக்களிடம் தோன்றிய இவ்வழக்கம் மெல்லமெல்லப் பொதுமக்களிடமும் பரவியது. ஓரூரில் ஜான் என்பார் பலரும் வில்லியம் என்பார் பலரும் இருந்தமையின், இன்ன ஜான் என்று பிரித்தறிய அடையொன்று வேண்டியதாயிற்று. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் அரசாங்கத்தார் தலைவரி தண்டியபோது ஆள்தோறும் பெயரெழுத நேர்ந்தது. 1538-ஆம் ஆண்டில், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைச் சபைதோறும் ஏட்டிற் பதிதல் வேண்டுமென்று ஆணை பிறந்தது. எழுத்தில் ஏறிய பெயர் பின்னர் எளிதில் மாறுமோ?

இங்ஙனம் அமைந்த குடிப்பெயர்கள் நால்வகைப்படும். தொழில் பற்றியன சில. ஸ்மித் என்றாற் கொல்லன். தந்தை பற்றியன சில. ஜான்ஸன் என்றால் ஜானின் மகன். உருவும் குணமும் பற்றியன சில. ஷார்ட் என்றாற் குட்டையன். இடம் பற்றியன சில; ஹில் என்பது குன்றின் அருகில் வாழ்ந்தானைக் குறிக்கும். இவை யாவும் பிறக்கும்போது காரணப்பெயர்களே. ஆனாற் கொல்லனுடைய பேரன் நியாயவாதியானபோதும் அவன் ஸ்மித்தே. குட்டையனுடைய கொள்ளுப்பேரன் ஆறடி உயரம் வளர்ந்தபோதும் அவன் ஷார்ட்டே. காரணம் ஒழிந்தது; குறி மட்டும் எஞ்சிற்று. நம் நாட்டிலும் சங்கப் புலவர் பலர் தம் ஊர்ப்பெயரோடு சேர்த்து வழங்கப்பட்டனர். எனினும் கோவூர் கிழாரின் வழித்தோன்றல்கள் எல்லாம் தலைமுறைதோறும் கோவூர் என்னும் பெயரைச் சுமந்து திரியும் வழக்கம் இங்கு எழவில்லை. ஊர் மாறினாலும் ஊர்ப்பெயர் மாறாமையே ஆங்கில வழக்கின் தனித்தன்மை. இதனை மனத்திற்கொண்டு வாஷிங்டன் என்னும் பெயருட் புகுவாம்.

இங்கிலாந்தின் வடகீழ்ப் பகுதியில், வியர் என்னும் ஆற்றிற்கு அண்மையில், பண்டு டர்ஹாம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் ஒன்று வாஷிங்டன் எனப்படும். பெயரின் ஈற்றிலுள்ள ‘டன்’ என்பது, வேலியிட்ட நிலம், பண்ணை, ஊர் என்னும் பொருள்களைத் தரும் பழைய ஆங்கிலச் சொல்லின் திரிபு. இடையிலுள்ள ‘இங்’ என்பது ‘இன்னானைச் சார்ந்தது’ என்னும் பொருளைத் தருவதோர் இடைநிலை. முதற்கண் நிற்பது ஹ்வாசா என்னும் ஒருவனுடைய பெயர் என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஆகவே ஹ்வாசா என்பானைச் சார்ந்த பண்ணை என்பதே இவ்வூர்ப்பெயரின் முதற்பொருளாம். வெல்லிங்டன், டார்லிங்டன், கென்ஸிங்டன் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும் இவ்வோசை ஒலித்தலைக் காணலாம். தெற்கே ஸஸ்ஸெக்ஸ் மாவட்டத்திலும் வாஷிங்டன் என்று ஓர் ஊருண்டு. எனினும் நாம் ஆராயும் குடும்பத்திற்குப் பெயரளித்தது டர்ஹாம் நாட்டு ஊரே.

ஹ்வாசா என்பான் யாவன், எவ்வாறு வாழ்ந்தான் என்பனவற்றைக் கூறுவார் இலர். உழுத நிலமும் கட்டிய வேலியும் மறைந்தன. பெயர் மட்டும் மண்ணோடு ஒட்டி நின்றது. டர்ஹாம் அத்தியட்சரின் நிலங்களை அளந்து 1183-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட போல்டன் ஏடு என்னும் கணக்குப் புத்தகத்தில், வில்லியம் என்னும் வீரன் ஒருவன், தனக்குரிய ஹெர்ட்பர்ன் என்னும் ஊரைக் கொடுத்து அதற்கு மாறாக இவ்வூரைப் பெற்றான் என்னும் செய்தி காணப்படுகின்றது. அதுகாறும் அவன் ஹெர்ட்பர்ன் ஊர் வில்லியம்; ஊர் மாற்றத்தின் பின்னர் வெஸ்ஸிங்டன் ஊர் வில்லியம். நிலம் மாறவே பெயரும் மாறிற்று. அவன் அம்மாற்றத்தைச் செய்யாதிருந்தால், அமெரிக்கத் தலைநகர் இன்று ஹெர்ட்பர்ன் என்று வழங்கினும் வழங்கும்! உலகறிந்த பெயரொன்று நிலப் பண்டமாற்று ஒன்றினால் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது என்பது வியப்பன்றோ?

வெஸ்ஸிங்டன், வாஸ்ஸிங்டன், வாஷிங்டன் என எழுத்து மாறிமாறி வழங்கிய இப்பெயரைத் தாங்கியோர் நாளடைவில் பல கிளைகளாய்ப் பிரிந்தனர். அப்பெயருடையார் ஒருவர், ஜான் வெஸ்ஸிங்டன் என்பார், 1416 முதல் 1446 வரை டர்ஹாம் துறவோர் மடத்திற்குத் தலைவராய் விளங்கினார். ஒரு கிளை மேற்கே லங்காஷயர் சென்று வார்ட்டன் என்னும் ஊரில் தங்கிற்று. அவ்வூர்த் திருக்கோயிற் கோபுரத்தில் அக்குடும்பத்தின் குலச்சின்னம் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. வெண்மைக் களத்தின்மேல் இரண்டு செந்நிறப் பட்டைகளும் மூன்று செந்நிற விண்மீன்களும் அச்சின்னத்தின் உறுப்புக்கள்.

வார்ட்டனிலிருந்து தெற்கே நார்தாம்ப்டன் நகருக்கு வந்தவர் லாரென்ஸ் வாஷிங்டன் என்பார். அவர் கம்பளி வாணிகத்தாற் பொருளீட்டி, அந்நகரின் மேயராகவும் இருந்தார். எட்டாம் ஹென்றி அரசன் துறவோர் மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்ற காலம் அது. 1539-ஆம் ஆண்டில் லாரென்ஸ் சல்கிரேவ் என்னும் ஊரில் மடத்திற்குரியதாயிருந்த நிலத்தை விலைக்கு வாங்கி, அங்கு மாளிகை ஒன்று கட்டினார். அம்மாளிகை இன்றும் உளது. 1814-ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் நூற்றாண்டு நினைவாக 1914-இல் அது வாங்கப்பெற்று, 1921-இற் பொதுமக்கள் காணத் திறக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. டர்ஹாம் நாட்டு வில்லியம் வாஷிங்டன் என்னும் ஊரை உடையனாதலின் அப்பெயர் பெற்றான். அஃது அவனுக்குக் காரணப்பெயர். சல்கிரேவில் வாழ்ந்த லாரென்ஸுக்கோ அவ்வூரில் ஒரு சாண் நிலமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் வாழ்வுக்கு ஆதாரம் ஆட்டு மயிர்; அவர் பெயரோ எங்கோ வடக்கிலுள்ள பண்ணை. பெயர் இடுகுறியாயிற்று.

லாரென்ஸின் கொள்ளுப்பேரரும் லாரென்ஸ் என்னும் பெயரினரே. அவர் ஆக்ஸ்போர்டிற் கற்று, எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துப் பர்லி என்னும் ஊரிற் சபைக் குருவாய் அமர்ந்தார். அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது அவர் அரசன் பக்கத்தவர் எனக் கருதப்பட்டார். 1643-ஆம் ஆண்டில் அவரைப் பாராளுமன்றக் கட்சியார் பதவியினின்று நீக்கினர். அவர் கள்ளுக்கடையிற் பொழுது போக்குபவர் என்னும் குற்றமும் சாட்டப்பட்டது. வறுமையிலாழ்ந்த அவர் சில ஆண்டுகளில் இறந்தார். வாழ வழியின்றி நின்ற மக்களுள் ஜான் என்பவர் கடல் வாணிகம் பற்றிப் புகையிலைக் கப்பலொன்றில் ஏறி, வர்ஜீனியா நாட்டை அடைந்தார். 1657-ஆம் ஆண்டில் அக்கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டிற்று. ஜான் திரும்பிச் செல்லாது அங்கேயே தங்கி, மணஞ்செய்து, நிலம் தேடினார். அவருடைய கொள்ளுப்பேரரே 1732-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-இற் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன். தந்தை பதவி இழந்ததும், கப்பல் மணலில் அமர்ந்ததும் ஒரு பெயரைக் கண்டம் விட்டுக் கண்டம் நாட்டின.

1775 முதல் 1783 வரை அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கியும், 1789 முதல் 1797 வரை அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவராய் இருந்தும் ஜார்ஜ் வாஷிங்டன் பெற்ற புகழை விரிப்பிற் பெருகும். அவர் தம் குடிப்பெயரின் தொன்மையை எத்துணை மதித்தார் என்பதே நமக்கு வேண்டுவது. குலச்சின்னங்களைப் பதிந்து காக்கும் ஆங்கில அதிகாரியாகிய சர் ஐஸக் ஹெர்ட் என்பார் அவருடைய முன்னோரைப் பற்றி வினவிக் கடிதம் விடுத்தார். 1792-ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுதிய விடையில், அப்பொருளில் தாம் அதிகக் கருத்துச் செலுத்தியதில்லை எனத் தலைவர் ஒளியாது கூறினார். முன்னோர் இங்கிலாந்தின் வடபகுதியினின்று வந்தவர் எனக் குடும்பத்தார் சொல்லக் கேட்டதுண்டு என்றும், அது லங்காஷயரோ, யார்க்‌ஷயரோ, அவற்றிற்கும் வடக்கோ என்பது நினைவில்லை என்றும் எழுதினார். கப்பலேறிய ஜானின் முன்னோர் நூறாண்டிற்கு மேலாகத் தென்பகுதியில் வாழ்ந்தவர். எனினும் குடும்பத்தின் நினைவில் நின்றது வடநாடே. ஏடு மறந்ததை வாய்மொழி மறக்கவில்லை. சல்கிரேவுக்கும் பர்லிக்கும் வர்ஜீனியாவுக்கும் உள்ள தொடர்பைப் பழைய ஏடுகளினின்று தேடி விளக்கியவர் ஹென்றி வாட்டர்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் ஆராய்ச்சி வெளிவந்தது 1889-ஆம் ஆண்டில்.

முன்னோரைப் பற்றிக் கவலாத அம்மனிதராலேயே அப்பெயர் வானளாவ உயர்ந்தது. 1791-இற் புதிய தலைநகருக்கு அவர் பெயர் இடப்பட்டது. 1853-இல் மேற்குக் கடற்கரையில் ஒரு நிலப்பரப்பு அப்பெயர் பெற்று, 1889-இல் ஐக்கிய நாட்டின் உறுப்பு நாடாயிற்று. தலைநகரைச் சார்ந்த கொலம்பியா வட்டாரம் 1938-இல் ஏற்றுக்கொண்ட கொடியில், வார்ட்டன் கோபுரத்திற் கண்ட அதே இரு பட்டைகளும் மூன்று விண்மீன்களும் உள. ஊரின் பெயர் ஆளுக்காயிற்று. ஆளின் பெயர் மீண்டும் ஊருக்காயிற்று. ‘வாஷிங்டன் இசையவில்லை’ என்று செய்தித்தாள் எழுதும்போது அவ்வூரின் பெயர் அங்குள்ள அரசாங்கத்தைக் குறித்தலின், இடவாகுபெயருமாயிற்று. ஒரு சொல் இத்தனை வேடம் புனைதல் மொழி நூலார்க்கு இன்பம் தருவதே.

இனி, இப்பெயரின் மற்றொரு பக்கத்தைப் பார்த்தல் வேண்டும். அஃது இன்பம் தருவதன்று; எனினும் அதனை விடுத்து இவ்வரலாறு நிரம்பாது. ஜார்ஜ் வாஷிங்டன் பதினொரு வயதிற் தந்தையை இழந்தபோது அவருக்கு வந்த சொத்தில் அடிமைகள் பதின்மர் இருந்தனர். 1799-ஆம் ஆண்டில் அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் முந்நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் உழைத்தனர். அவர்கள் பெயரை எழுதிய பட்டியல் ஒன்று உளது. அதிற் பெரும்பாலோர்க்கு ஒற்றைப் பெயரே காண்கின்றோம். நிலம் உடையானுக்குக் குடிப்பெயர் வந்தது நிலத்தால். தன் உடலும் தனக்குரியதல்லாத அடிமைக்குக் குடிப்பெயர் எதனால் வரும்? தந்தையின் பெயர் மகனுக்கு இறங்குதற்குத் தந்தை மகனை உடையனாதல் வேண்டும். அடிமையின் மகனோ சட்டப்படி தாயை உடைய எஜமானனுக்கு உரியவன். குடிப்பெயரின்மை வெறும் எழுத்துக் குறையன்று. குடும்பமே மறுக்கப்பட்டதன் அடையாளம் அது.

அவ்வடிமைகளுள் ஒருவன் ஹாரி என்பான். ஆபிரிக்காவிற் பிறந்து, விலைக்கு வாங்கப்பட்டு, மவுண்ட் வெர்னனிற் குதிரைகளைப் பேணி வந்தவன் அவன். கலகக்காரரின் அடிமைகள் அரசன் படையிற் சேரின் விடுதலை பெறுவர் என 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கில ஆளுநராகிய டன்மோர் பிரபு பறைசாற்றினார். ஹாரி எஜமானனை விட்டு ஓடி ஆங்கிலேயரை அடைந்தான். விடுதலைக்காகப் போர் செய்த தலைவரிடமிருந்து விடுதலைக்காக ஓடியவன் அவன்! 1783-இற் போர் முடிந்தபோது, ஆங்கிலேயரோடு நியூயார்க்கை விட்டுச் செல்லும் கறுப்பின மக்கள் ஏறத்தாழ 3,000 பேரின் பெயர்கள் ஓர் ஏட்டில் எழுதப்பட்டன. அவர்களைத் திருப்பித் தரவேண்டுமென்று தளபதி வாஷிங்டன் கேட்டார். கொடுத்த வாக்கை மீறுதல் இழிவாகும் என்று ஆங்கிலத் தளபதி சர் கை கார்ல்டன் மறுத்தார். அவ்வேட்டில் ஹாரியின் பெயர் உளது: ஹாரி வாஷிங்டன், வயது 43, தளபதி வாஷிங்டனுக்கு முன்னர் உடைமையாயிருந்தவன்.

அவன் நோவாஸ்கோஷியா சென்று, 1792-இல் ஆபிரிக்காவின் மேல்கரையிலுள்ள சியரா லியோன் நாட்டிற் குடியேறினான். 1800-ஆம் ஆண்டில், நிலவரி முதலியன பற்றி அந்நாட்டை ஆண்ட கம்பெனியை எதிர்த்து எழுந்தோருள் ஒருவனாய் நின்று, நாடு கடத்தப்பட்டான். ஒரு வாஷிங்டன் ஆங்கில அரசாங்கத்தின் வரியை எதிர்த்து வென்று தலைவரானார். மற்றொரு வாஷிங்டன் ஆங்கிலக் கம்பெனியின் வரியை எதிர்த்துத் தோற்று நாடிழந்தான். முதல்வரைப் பற்றிய நூல்கள் நிலையங்களை நிரப்புகின்றன. இரண்டாமவனை அறிந்தோர் சிலரே.

நடுநிலைமை பற்றி இதனையும் கூறுதல் வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் 1799 ஜூலையில் எழுதிய மரண சாசனத்தில், தமக்கே உரிய அடிமைகள் தம் மனைவியின் காலத்திற்குப் பின்னர் விடுதலை பெறுதல் வேண்டும் என்றும், முதியோரைப் பேணுதலும் சிறுவர்க்கு எழுத்தும் தொழிலும் கற்பித்தலும் வேண்டும் என்றும் விதித்தார். அவர் அவ்வாண்டு டிசம்பரில் இறந்தார். மனைவியார் மார்த்தா தம் காலம் முடியுமுன்னரே, 1801 ஜனவரி முதல் நாளில், அவர்களை விடுவித்தார். ஆயின் அங்கிருந்தோரிற் பாதிக்கு மேற்பட்டவர் மார்த்தாவின் முதற்கணவர் குடும்பச் சொத்தைச் சேர்ந்தவரும், பிறரிடம் வாடகைக்குப் பெறப்பட்டவருமே. அவர்களை விடுவிக்கும் உரிமை வாஷிங்டனுக்கு இல்லை. கணவன் விடுதலை பெற, மனைவியும் மக்களும் அடிமைகளாகவே நின்ற குடும்பங்கள் அங்கு இருந்தன. அவருக்குச் சொந்த மக்களும் இலர். எனவே அவர் பெயர் அவர் குருதி வழியாக இறங்கவில்லை.

அவ்வாறாயின் அப்பெயர் எவர் வழியாக இறங்கிற்று? 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் எடுத்த அமெரிக்கக் குடிக்கணக்கில், அடிமைகளுக்கெனத் தனி ஏடு இருந்தது. அதில் எஜமானனுடைய பெயர் எழுதப்பட்டது, அடிமைகளின் வயதும் பாலும் நிறமும் எழுதப்பட்டன, பெயர் எழுதப்படவில்லை. 1865-இல் அடிமை வழக்கம் ஒழிந்தது. ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் விடுதலையுற்றனர். 1870-ஆம் ஆண்டின் குடிக்கணக்கே அவர் யாவரையும் முதன்முறையாகப் பெயர் சொல்லி எழுதிற்று. திருமணம் பதியவும், கூலி உடன்படிக்கை எழுதவும், பள்ளியிற் சேரவும் குடிப்பெயர் வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் மூன்று நூற்றாண்டுகளிற் பெற்றதனை அம்மக்கள் ஐந்தாறு ஆண்டுகளுள் வெளிப்படக் கூறவேண்டியவராயினர். பழைய எஜமானனின் பெயரைக் கொண்டோரும் உளர். அடிமைக் காலத்திலேயே தமக்குள் மறைவாய் வழங்கிய குடிப்பெயரை வெளியிட்டோரும் உளர். புதிதாய்த் தேர்ந்துகொண்டோரும் உளர்.

மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டாவார் புக்கர் வாஷிங்டன். அவர் 1856-இல் வர்ஜீனியாவில் அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்தார். அவரை உடைமையாகக் கொண்டிருந்தது பரோஸ் என்னும் குடும்பம், வாஷிங்டன் குடும்பமன்று. விடுதலைக்குப் பின்னர், மேற்கு வர்ஜீனியாவில் உப்பளத்தில் உழைத்த மாற்றாந்தந்தையிடம் அவர் சென்றார். உப்புப் பீப்பாய்களின்மேல் அத்தந்தைக்குரிய அடையாளமாக இடப்பட்ட 18 என்னும் எண்ணே அச்சிறுவர் முதன்முதற் கற்ற குறி. பின்னர்ப் பள்ளியிற் புகுந்தபோது, ஆசிரியர் மாணவர் பெயரை வரிசையாகக் கேட்டார். மற்றச் சிறுவர்க்கெல்லாம் இரண்டு பெயர், சிலர்க்கு மூன்று பெயர் இருத்தலைக் கண்டு அவர் கலங்கினார். அவருக்குத் தெரிந்தது புக்கர் என்னும் ஒன்றே. தம் முறை வந்தபோது, சிறிதும் தயங்காது, புக்கர் வாஷிங்டன் என்று விடையளித்தார். மாற்றாந்தந்தைக்கு இட்ட பெயர் வாஷிங்டன் என்பதாகும். தாய் தமக்கு முன்னரே டாலிவர் என்னும் பெயரையும் இட்டிருந்தாள் எனப் பின்னர் அறிந்து, அதனையும் நடுவிற் சேர்த்துக்கொண்டார். தம் பெயரைத் தாமே இட்டுக்கொள்ளும் பேறு பெற்றார் மிகச் சிலரே என்று, 1901-இல் வெளிவந்த தம் வரலாற்றில் அவர் கூறியுள்ளார்.

அவர் 1881-இல் அலபாமா நாட்டில் டஸ்கீகி என்னும் ஊரிலே தம்மினத்தார்க்கெனத் தோன்றிய கல்விச்சாலைக்கு முதல் தலைவரானார். 1901 அக்டோபரில் அமெரிக்கத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரைத் தம் மாளிகைக்கு அழைத்து உடனிருந்து விருந்துண்டார். கறுப்பினத்தார் ஒருவர் அங்ஙனம் விருந்துண்டதைப் பொறாது தென்னாட்டு வெள்ளையர் பலர் கொதித்தெழுந்தனர். வாஷிங்டன் என்னும் நகரில், வாஷிங்டன் என்னும் பெயரினர் ஒருவர் பந்தியில் அமர்ந்தது பெருங்குற்றமாயிற்று. பெயரை எடுத்துக்கொள்ளுதல் எளிது. பெயர்க்குரிய மதிப்பைப் பெறுதல் அரிது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

2000-ஆம் ஆண்டில் எடுத்த அமெரிக்கக் குடிக்கணக்கின்படி, அந்நாட்டில் வாஷிங்டன் என்னும் குடிப்பெயருடையோர் ஏறத்தாழ 163,000 பேர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பினத்தார். டர்ஹாம் நாட்டிற் பிறந்த பெயர் இன்று பெரும்பாலும் ஆபிரிக்க வழியினரின் பெயராய் நிற்கின்றது. மவுண்ட் வெர்னனில் விடுதலை பெற்றோர் நூற்று இருபதின்மர்க்குச் சிறிது மிகுந்தவரே. ஆதலின் இத்துணை மக்களும் அவர் வழியினர் என்றல் பொருந்தாது. வாஷிங்டன் குடும்பத்தின் பல கிளையாரிடம் அடிமைகளாயிருந்தோர் வழிவந்தோர் சிலராவர். புக்கரைப்போல அப்பெயரைத் தாமே விரும்பி ஏற்றோர் வழிவந்தோரும் உளர். விரும்பி ஏற்றதன் நோக்கம் யாதாயிருக்கலாம்? நாட்டின் தந்தை எனப்படுவார் பெயரைத் தன் பெயராகக் கொண்டவன், ‘இந்நாட்டில் யானும் ஒரு மகன்’ என்று கூறினான் எனக் கொள்ளுதல் தவறாகாது.

இதுகாறும் கூறியவற்றால், இப்பெயரின் மூன்று நிலைகளும் விளங்கும். வில்லியத்திற்கு அது நிலத்தாற் காரணப்பெயர். சல்கிரேவ் வணிகர்க்கும் பர்லிக் குருவுக்கும் அது பொருள் மறைந்த இடுகுறி. பள்ளியறையிற் பெயர் கேட்கப்பட்ட சிறுவனுக்கோ அது மீண்டும் காரணப்பெயர். அக்காரணம் நிலமுமன்று, குருதியுமன்று, தானும் பெயருடைய மனிதன் என்னும் உணர்ச்சியே. இலக்கண நூலார் சொற்களைக் காரணமென்றும் இடுகுறியென்றும் வகுத்துத் தந்தனர். ஒரு சொல் எந்நாளும் ஒரு வகையிலேயே நிற்கும் எனக் கருதின், அதனைத் தாங்கிய மக்களின் வாழ்வை நாம் மறந்தவராவோம். ஹ்வாசாவின் வேலி அழிந்து பல நூறாண்டுகள் ஆயின. வேலிக்குள் இருந்தோர்க்கு மட்டுமே உரியதாயிருந்த பெயர் இன்று வேலி கடந்தோரின் பெயராய் விளங்குகின்றது.